நாலு படி ஏறி, ஒரு படி இறங்கி

*குழாய், குப்பை, பள்ளம், புகார் எண், கவுன்சிலர், மனு... ஒரு புறநகர்த் தெருவின் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தால் உள்ளாட்சியின் கால் நூற்றாண்டுக் கதை தெரிகிறது.*

எங்கள் வீட்டு வாசலில் நாலு படி இருந்தது. 1999-இல் வீடு கட்டியபோது மேஸ்திரி பெருமையாகச் சொன்னார்: "ரோட்டுலேர்ந்து ரெண்டரை அடி தூக்கிக் கட்டியிருக்கேன் சார். உங்க பேரன் காலத்துக்கும் தண்ணி உள்ள வராது." அவர் கணக்கில் பிழை இல்லை. தண்ணீர் எவ்வளவு உயரும் என்று யோசித்துத்தான் கட்டினார். ரோடும் உயரும் என்பது அவருக்குத் தெரியாது.

2006 சட்டமன்றத் தேர்தலுக்கு முன்னால் முதல் படி போனது. பழைய ரோட்டைத் தொடவே இல்லை; அதன் மேலேயே ஜல்லியைக் கொட்டி, தாரை ஊற்றி, ரோலரை ஓட்டிவிட்டுப் போனார்கள். 2011-இல் இரண்டாவது படி. 2016-இல் மூன்றாவது. 2021 பிப்ரவரியில் நான்காவது. ஒவ்வொரு படி புதைந்தபோதும் தெருமுனையில் நன்றி சொல்லி ஒரு பேனர் எழுந்தது. எங்கள் தெருவின் தேர்தல் வரலாற்றை எழுத விரும்புகிறவர் வாசலைத் தோண்டினால் போதும்.

நான்காவது படி போன மூன்றாவது மாதம், 2021 மே மாதத்தில், அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு ஓர் உத்தரவு அனுப்பினார். ரோடு போடும்போது பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய தார் போட வேண்டும், வீடுகள் தாழ்ந்துபோகும்படி மட்டத்தை உயர்த்தக் கூடாது என்றது அது. பத்திரிகையில் படித்துவிட்டு வாசலைப் பார்த்தேன். சுரண்டுவதற்கு இன்னும் ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும்.

பிறகு மழைநீர் வடிகால் வந்தது. அதன் கான்கிரீட் மூடி எங்கள் வாசலைவிட ஒரு சாண் உயரம். தண்ணீர் மேல்நோக்கி ஓடப் பழகும்வரை அந்த வடிகால் பொறுமையாகக் காத்திருக்கும். நாலு படி ஏறி வீட்டுக்குள் போனவர்கள் இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம். வீட்டுக்கு வீடு வாசற்படி என்பார்கள். எங்கள் தெருவில் அது வீட்டுக்கு வீடு இறங்குபடி.

வீட்டுக்கு வீடு ஒரு நகராட்சி

எங்கள் ஊர் சென்னைக்குத் தெற்கே ஒரு புறநகர். பெயர் வேண்டாம், உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுப் படித்தாலும் பொருந்தும். வீடு கட்டியபோது அது பேரூராட்சி. பிறகு பெரிய உள்ளாட்சியோடு சேர்த்தார்கள். பலகை மாறியது, வரி மாறியது, வார்டு எண் மாறியது. குழாயில் வரும் தண்ணீரின் நிறம் மட்டும் கொள்கைப் பிடிப்போடு அப்படியே இருந்தது.

காலை நாலரைக்கு அலாரம் அடிப்பது தண்ணீருக்காக. ஒன்றுவிட்டு ஒருநாள், முக்கால் மணி நேரம். குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சக் கூடாது என்பது விதி. எங்கள் தெருவில் அந்த விதியை மதிக்கும் வீடுகள் இரண்டு. அந்த இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் வராது. நாங்கள் மதிக்காத வீடு. இதை எழுதும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நாலரைக்கு மோட்டார் சுவிட்சைப் போடும்போது இருப்பதில்லை.

அந்தத் தண்ணீரும் துவைக்கக் குளிக்கத்தான். குடிக்க கேன். கோடையில் குழாய் கைவிட்டால் போர். 1999-இல் அறுபது அடியில் கிடைத்த தண்ணீரை இப்போது இருநூற்றைம்பது அடியில் தேடுகிறோம். மழை நாளில் ஒரு ஃபேஸ் போய்விட்டால் இன்வெர்ட்டர். பாதாளச் சாக்கடைக்கு ரோட்டைத் தோண்டிக் குழாய் பதித்தார்கள். வீட்டு இணைப்பு இன்னும் வரவில்லை என்பதால் செப்டிக் டேங்குக்கு லாரி. தெருவிளக்கு எரியாத நாட்களுக்காக வாசலில் ஒரு எல்.இ.டி. பல்பு. திருட்டுக்கு சிசிடிவி. மழைக்காலத்தில் வாசல் தண்ணீரை இறைக்க ஒரு சின்ன பம்ப்.

ஒருநாள் எண்ணிப் பார்த்தபோது புரிந்தது, எங்கள் வீடே ஒரு குட்டி நகராட்சி. அதற்குத் தனிக் குடிநீர் வாரியம் உண்டு, மின்வாரியம் உண்டு, கழிவுநீர்ப் பிரிவு உண்டு, பேரிடர் மேலாண்மையும் உண்டு. கமிஷனர் என் மனைவி. நான் எல்லாத் துறைக்கும் பொதுவான தற்காலிக ஊழியன். இப்படி எங்கள் தெருவில் முப்பத்திரண்டு நகராட்சிகள். முப்பத்திரண்டும் பெரிய நகராட்சிக்கும் வரி கட்டுகின்றன.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. காசு உள்ள வீடு ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வழி செய்துகொண்டதும் சத்தம் போடுவதை நிறுத்திவிடுகிறது. போர் போட்டவன் குழாய்க்காகப் போராட மாட்டான். கேன் வாங்குகிறவன் தண்ணீரின் நிறத்தைப் பற்றிக் கேட்க மாட்டான். மிச்சம் நிற்பது தெருக்கோடி ஓட்டு வீட்டில் குடியிருக்கும் அக்கா மட்டும். நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர். அவரிடம் போரும் இல்லை, மோட்டாரும் இல்லை, பிளாஸ்டிக் குடம் ஆறு இருக்கிறது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்த நாட்களில், லாரி வரும் நேரம் தெரியாததால் அவர் மூன்று வாரம் வேலைக்கே சரியாக வரவில்லை. நாங்கள் தனியார் லாரிக்குப் போன் செய்துவிட்டு, "அந்தம்மா லீவு ரொம்பப் போடுறாங்க" என்று குறைப்பட்டுக்கொண்டோம்.

ஒரு பள்ளம், நான்கு முதலாளிகள்

போன வருஷம் எங்கள் தெருமுனைப் பள்ளத்துக்கு வயது இரண்டே கால். பிறந்த நாள் தெரியும், ஏனென்றால் ஏழாம் நம்பர் வீட்டுக்காரர் டைரியில் எழுதி வைத்திருக்கிறார். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தெருவே 'போஸ்ட் மாஸ்டர் சார்' என்றுதான் கூப்பிடும். நாற்பது ஆண்டு பிறர் கடிதங்களை உரிய முகவரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர், தன் புகாரைக் கொண்டுபோய்ச் சேர்க்க முகவரி தேடி அலைந்த கதை இது.

முதலில் உள்ளாட்சி அலுவலகம் போனார். "ரோடு எங்களுதுதான் சார். ஆனா பள்ளம் குடிநீர்க் குழாய் லீக்கால வந்தது. அவங்களைப் பாருங்க." குழாய்க்காரர்கள் வந்து பார்த்தார்கள். "லீக்கை அடைச்சாச்சு. இப்ப தேங்குறது மழைத்தண்ணி. வடிகால் செக்‌ஷன்ல சொல்லுங்க." வடிகால் ஆட்கள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "உள்ள கேபிள் போகுது. யாரு போட்டாங்கன்னு தெரியாம நாங்க கை வைக்க முடியாது" என்றார்கள். கேபிள் கம்பெனி ஆள் போனிலேயே சொல்லிவிட்டார்: ரோட்டை வெட்டியதற்கு உள்ளாட்சியிடம் பணம் கட்டியாகிவிட்டது, மூட வேண்டியது அவர்கள். ஒரு சுற்று முடிந்து போஸ்ட் மாஸ்டர் சார் மறுபடி முதல் மேஜைக்கு வந்து சேர்ந்தார். அந்த மேஜையில் இப்போது வேறு ஆள்.

யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேதனை. ஏற்பாடே அப்படித்தான். சென்னையை எடுத்துக்கொண்டால், 1688-இல் தொடங்கிய மாநகராட்சியிடம் ரோடும் மழைநீர் வடிகாலும் இருக்கின்றன. குடிநீரும் கழிவுநீரும் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தனி வாரியத்திடம். பெரிய சாலைகள் சில நெடுஞ்சாலைத் துறையிடம், ஏரிகள் நீர்வளத் துறையிடம், மின்கம்பம் மின்வாரியத்திடம். மாநகராட்சிக்கு 1913, குடிநீர் வாரியத்துக்கு 1916, முதல்வரின் உதவி மையத்துக்கு 1100. தரைக்கு மேலே ஒருவர், கீழே இன்னொருவர், நடுவில் ஓடும் தண்ணீர் நல்லதா கெட்டதா என்பதைப் பொறுத்து மூன்றாமவர்.

108-ஐ அழைத்துப் பாருங்கள். எந்த வார்டு, மயங்கி விழுந்தது நெடுஞ்சாலையிலா தெருவிலா என்று பார்த்து அனுப்பி வைப்பதில்லை. ஆம்புலன்ஸ் வருகிறது. இதே மாநிலத்தில்தான் அதுவும் நடக்கிறது. ரேஷன் கடையில் அரிசி வாங்க யாருடைய சிபாரிசும் தேவையில்லை. பெண்கள் கட்டணமில்லாப் பேருந்தில் ஏற கவுன்சிலர் கடிதம் கேட்பதில்லை. யார் பொறுப்பு, யாருக்கு உரிமை என்பது தெளிவாக இருக்கும் இடத்தில் நம் அரசாங்கம் நன்றாகவே வேலை செய்கிறது. பொறுப்பைப் பங்கு போட்ட இடத்தில்தான் பள்ளம் விழுகிறது.

அந்தப் பள்ளம் சிரிப்புக்குரியதும் இல்லை. 2022 அக்டோபரில் சென்னையில் வடிகாலுக்காகத் தோண்டிய பள்ளத்தில் விழுந்து இளம் தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவர் இறந்துபோனார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் எல்லாப் பள்ளங்களையும் சுற்றித் தடுப்பு இருந்தது. பிறகு கயிறு கட்டினார்கள். பிறகு கயிறும் போனது. எங்கள் தெருப் பள்ளத்தில் கடைசியாக நின்றது ஒரு முருங்கைக் கொம்பு. அதன் நுனியில் சிவப்புத் துணியைக் கட்டியவர் போஸ்ட் மாஸ்டர் சார்.

இந்தப் பள்ளத்துக்காக அவர் செல்போனுக்கு வந்த குறுஞ்செய்தி ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்கிறார். 'தங்கள் புகார் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது.' வந்த தேதி, பள்ளத்தின் முதல் பிறந்த நாளுக்கு நான்கு நாள் முன்பு. "முடிஞ்சது புகார்தான் தம்பி. பள்ளம் இல்ல. அவங்க பள்ளத்தை மூடினோம்னு எங்க சொல்லியிருக்காங்க?" என்று வாக்கியத்துக்குப் பொழிப்புரை சொல்வார்.

கவுன்சிலர் வீட்டு வாசல்

பிறகு மிச்சமிருப்பது கவுன்சிலர். காலை ஏழு மணிக்கு அவர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருக்கும். ஒருவர் கையில் ரேஷன் கார்டு, ஒருவருக்கு முதியோர் பென்ஷன், ஒருவர் மகனைப் போலீஸ் கூட்டிப் போயிருக்கிறது, ஒருவர் வீட்டுக்குக் குழாயில் புழு. எங்கள் வார்டு பெண்களுக்கானது. உள்ளாட்சியில் பெண்களுக்குச் சரிபாதி இடம் என்று 2016-இல் தமிழ்நாடு சட்டம் செய்தது. கையெழுத்து கவுன்சிலர் அம்மாவுடையது. நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது அவர் கணவர்.

அண்ணன் எல்லாரையும் கேட்பார். "சொல்லிட்டேன் சார். ஏ.இ. (உதவிப் பொறியாளர்) போனை எடுக்க மாட்டேங்குறார்." "எஸ்டிமேட் போயிருக்கு, ஃபண்டு வரல." "டெண்டர் விட்டாச்சு, கான்ட்ராக்டர் வேற சைட்ல இருக்கான்." இந்த மூன்று பதில்களில் உலகத்துப் பள்ளங்கள் எல்லாம் அடங்கும். போகும்போது, "நம்ம வீடுதானே, பார்த்துக்கலாம்" என்று தோளில் கை வைப்பார். அந்தக் கைக்கு மட்டும் ஃபண்டு தேவையில்லை.

தெருவில் ஒருவர் வீடு கட்ட ஜல்லி இறக்கினால் அண்ணன் ஆட்களின் பைக் வந்து நிற்கும். போர் போட வண்டி வந்தாலும் நிற்கும். குப்பை வண்டி வராத நாளில் வராத பைக், ஜல்லி லாரி வந்த பத்தாவது நிமிடம் எப்படி வருகிறது என்பதை எங்கள் சிசிடிவியும் கண்டுபிடிக்கவில்லை. 'கவுன்சிலர்' என்ற சொல்லைக் கேட்டதும் புறநகர்வாசியின் முகம் சுருங்குவது இதனால்தான். அந்தச் சுருக்கத்துக்குக் காரணம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒருநாள் அண்ணன் ஊரில் இல்லை. அம்மாவே நாற்காலியில் இருந்தார். படி போன கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "ரோடு உயரக் கூடாதுன்னு எனக்கும் தெரியும் சார். எங்க வீடும் பள்ளத்துலதான் இருக்கு. மழை வந்தா நானும்தான் பம்ப் போடுறேன். எஸ்டிமேட்டை எனக்கு யாரு காட்டுறாங்க?"

இதை முதலில் நான் நம்பவில்லை. பிறகு விதிகளைப் புரட்டினேன். மாநகராட்சி கவுன்சிலர் ஒருவருக்கு மாத மதிப்பூதியம் 10,000 ரூபாய். அதுவும் 2023 ஜூலையிலிருந்துதான். மேயருக்கு 30,000. நிர்வாகத்தின் சாவி மாநில அரசு நியமிக்கும் அதிகாரியான கமிஷனரிடம். அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தபோது, நகர உள்ளாட்சிகளுக்குரிய 18 வேலைகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் பட்டியலிட்டது. நகரத் திட்டம், குடிநீர், சாலை, சுகாதாரம், தீயணைப்பு வரை அதில் இருக்கின்றன. கொடுக்கலாம் என்றுதான் அந்தத் திருத்தம் சொன்னது. எதைக் கொடுப்பது என்பது மாநிலங்களின் விருப்பம். மாநில சுயாட்சிக்காக டெல்லியிடம் குரல் உயர்த்திய மாநிலம் இது. அந்தக் குரல் கோட்டையிலிருந்து டெல்லி நோக்கிப் போனது. கோட்டையிலிருந்து தெருமுனை நோக்கி வரவில்லை.

அதிகாரம் இல்லாதவர் செல்வாக்கைத் தேடுகிறார். கேள்வி கேட்க முடியாத இடத்தில் கமிஷன் கேட்கப் பழகுகிறார். அந்தப் பைக்குகளை இது நியாயப்படுத்தாது. ஆனால் கைக்கெட்டிய தூரத்தில் இருப்பவரைத் திட்டித் தீர்த்துவிட்டு, எட்டாத இடத்தில் இருப்பவர்களை நாம் மறந்துவிடுகிறோம்.

ஆளில்லாத ஐந்து ஆண்டுகள்

திட்டுவதற்குக்கூட ஆளில்லாத காலமும் இருந்தது. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பழங்குடியினருக்கான ஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்பது வழக்கு. அந்த மாதமே பழைய மன்றங்களின் காலம் முடிந்தது. நகர்ப்புறத்தில் அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-இல். ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். நடுவில் ஐந்தாண்டுக்கும் மேல் கவுன்சிலரே இல்லை; தனி அலுவலர்கள்தான்.

சென்னைக்கு இது பழக்கப்பட்ட விஷயம். தினக்கூலிப் பதிவேட்டு ('மஸ்டர் ரோல்') ஊழல் புகாரில் 1973-இல் கலைக்கப்பட்ட மாநகராட்சி மன்றத்துக்கு மறுபடி தேர்தல் நடந்தது 1996-இல். இருபத்து மூன்று ஆண்டுகள். ஒரு தலைமுறை, தன் வார்டுக்கு ஓர் உறுப்பினர் உண்டு என்பதே தெரியாமல் பிறந்து வளர்ந்து கல்யாணமும் செய்துகொண்டது. கிராமங்களிலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் அங்கும் தனி அலுவலர்கள் வந்தார்கள்.

சட்டமன்றத் தேர்தல் ஆறு மாதம் தள்ளிப்போனால் தமிழ்நாடு சும்மா இருக்குமா? நகர உள்ளாட்சித் தேர்தல் ஐந்தாண்டுக்கு மேல் தள்ளிப்போனபோது எங்கள் தெருவில் யாரும் அதைப் பற்றிப் பேசிய ஞாபகம் எனக்கு இல்லை. நானும் பேசவில்லை. கடைசியில் தேர்தல் வந்தபோது சென்னையில் வாக்களித்தவர்கள் 44 சதவீதத்துக்கும் குறைவு. மாநிலத்தில் மிகக் குறைவாக வாக்குப் பதிவான இடங்களில் ஒன்று தலைநகரம். போர் போட்ட வீடுகள் பூத்துக்குப் போகவில்லை. ஓட்டு வீட்டு அக்கா போனார்.

மனு கொடுக்கும் மக்கள்

கவுன்சிலரும் இல்லையென்றால் தமிழனின் கடைசி ஆயுதம் மனு. கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை தோறும் குறைதீர்க்கும் நாள். கிராமங்களில் மனுநீதி நாள். 2023 டிசம்பரில் 'மக்களுடன் முதல்வர்', 2025 ஜூலையில் 'உங்களுடன் ஸ்டாலின்'. அதற்கு முந்தைய ஆட்சியில் 'அம்மா திட்டம்'. பெயர் மாறும், பந்தல் மாறும், பந்தலுக்கு வெளியே பத்து ரூபாய்க்கு மனு எழுதித் தரும் ஆள் மட்டும் மாறுவதில்லை.

முகாம்களால் பலன் இல்லை என்று சொல்வது அநியாயம். பட்டா கிடைத்திருக்கிறது, பென்ஷன் கிடைத்திருக்கிறது, சாதிச் சான்றிதழ் கையோடு வந்திருக்கிறது. என் கேள்வி வேறு. தினமும் திறந்திருக்கும் அலுவலகத்தில் கிடைக்க வேண்டியது, வருஷத்துக்கு ஒருநாள் பந்தல் போட்டால் மட்டும் எப்படிக் கிடைக்கிறது? பந்தலில் ஒரே நாளில் முடிகிற வேலை மேஜையில் ஏன் ஒரு வருஷம் தூங்குகிறது?

மனுநீதிச் சோழனின் கதையில் பசு மணியை அடித்தது. அரசன் வெளியே வந்தான். 'கன்று செத்த இடம் நெடுஞ்சாலைத் துறைக்குச் சேர்ந்தது' என்று யாரும் பசுவிடம் சொல்லவில்லை. அந்த அரசனுக்குச் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலை இருக்கிறது. நீதிக்கு அது நல்ல உருவகம். நிர்வாகத்துக்கு ஆபத்தான உருவகம். ஒவ்வொரு கன்றுக்கும் அரசனே இறங்கி வந்தாக வேண்டிய ஊரில், அரசன் வராத நாட்களில் கன்றுகளின் கதி என்ன?

மனுவில் எழுதும் தமிழையே பாருங்கள். 'தாங்கள் கருணை கூர்ந்து', 'சமூகம் அவர்கள்', 'இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள'. வரி கட்டிய ரசீதைப் பின்னால் இணைத்துவிட்டு முன்னால் கருணை கேட்கிறோம். அந்த வரியிலோ கருணைக்கு இடமே இல்லை. 2022 ஏப்ரலில் சொத்து வரி 25 முதல் 150 சதவீதம் வரை உயர்ந்தது. வீட்டின் பரப்பைப் பொறுத்தும், பழைய நகரமா இணைந்த பகுதியா என்பதைப் பொறுத்தும் விகிதம் மாறியது. அரையாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, தாமதித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி. நல்ல ஏற்பாடு. நாம் தாமதித்தால் வட்டி. அவர்கள் தாமதித்தால்? பள்ளத்துக்கு வட்டி போட்டால் இரண்டே கால் வருஷத்தில் எங்கள் தெரு நல்ல தொகை சம்பாதித்திருக்கும்.

இது நடக்காத கற்பனையும் இல்லை. குறித்த நாளுக்குள் சேவை தராவிட்டால் அதிகாரி அபராதம் கட்ட வேண்டும் என்று 2010-இல் மத்தியப் பிரதேசம் சட்டம் செய்தது. பிறகு பீகார், கர்நாடகம், கேரளம் எனப் பல மாநிலங்கள் தொடர்ந்தன. கர்நாடகத்தின் 'சகாலா' திட்டத்தில் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் விண்ணப்பித்தவருக்கு இழப்பீடு. தொகை சிறியது. ஆனால் தாமதத்துக்கு ஒரு விலை உண்டு என்று அரசாங்கமே ஒப்புக்கொள்கிறதே, அது பெரியது. சேவை உரிமைச் சட்டம் வேண்டும் என்ற குரல் தமிழ்நாட்டிலும் பல ஆண்டுகளாக எழுந்துகொண்டிருக்கிறது.

ஆலந்தூர்க் கணக்கு

மக்களும் உள்ளாட்சியும் எதிரெதிரே நிற்காமல் பக்கத்தில் பக்கத்தில் நின்ற கதை ஒன்று சென்னைக்கு அருகிலேயே இருக்கிறது. 1990-களின் பிற்பகுதியில் ஆலந்தூர் தனி நகராட்சி. ஒன்றரை லட்சம் பேர் வாழ்ந்த ஊரில் பாதாளச் சாக்கடை இல்லை. செப்டிக் டேங்க், திறந்த கால்வாய், கொசு. அப்போதைய நகராட்சித் தலைவர் ஆர்.எஸ்.பாரதி ஒரு விபரீத யோசனையோடு வீடுகளுக்குப் போனார். சாக்கடை வர வேண்டுமானால் வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கட்டுங்கள் என்றார். அன்றைக்கு அது பலருக்கு ஒரு மாதச் சம்பளம்.

தெருவில் ஒரு குழாய்கூடப் பதிக்காத நிலையில், அரசியல்வாதி கேட்டுப் பணம் கட்டுவார்களா? கட்டினார்கள். குடியிருப்போர் சங்கங்களைக் கூட்டிப் பேசினார்கள். மொத்தச் செலவு எவ்வளவு, கடன் எவ்வளவு, மக்கள் பங்கு எவ்வளவு என்ற கணக்கை முன்னால் வைத்தார்கள். வேலை நடந்தது, இணைப்பும் வந்தது. நகராட்சி ஒன்று தனியார் பங்களிப்போடும் மக்கள் பணத்தோடும் பாதாளச் சாக்கடை அமைத்த முன்னோடித் திட்டமாக இன்றும் அதை உள்ளாட்சிப் பாடங்களில் சொல்லித் தருகிறார்கள். 2011-இல் 42 உள்ளாட்சிகள் சென்னையோடு இணைந்து, மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது ஆலந்தூரும் அதில் ஒரு மண்டலமாகக் கரைந்தது.

ஆலந்தூர்க்காரர்கள் நம்மைவிட நல்லவர்கள் என்பதால் இது நடக்கவில்லை. பணம் கேட்டவர் கணக்கையும் காட்டினார். கேள்வி கேட்கும் தூரத்தில் வசித்தார். நகராட்சித் தலைவர் என்றால் பெயரும் முகமும் வீட்டு விலாசமும் தெரிந்த ஒருவர். 'மேலிடம்' என்ற சொல்லுக்குப் பின்னால் அவர் ஒளிய முடியவில்லை.

அந்தத் தூரத்தைக் குறைக்க இப்போது சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. 2022-இல் வார்டு குழு, பகுதி சபா விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி முதல் பகுதி சபாக்கள் கூடின. பம்மலில் நடந்ததில் அன்றைய முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கலந்துகொண்டார். எங்கள் பகுதி சபா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முப்பத்திரண்டு நகராட்சிகளிலிருந்து போனவர்கள் மூன்று பேர். அதில் நான் இல்லை. போஸ்ட் மாஸ்டர் சார் போனார்.

பத்து ரூபாய் ஸ்டாம்ப்

அந்தக் கூட்டத்தில் அவருக்கு ஒரே ஒரு தகவல் கிடைத்தது. எங்கள் தெருவுக்கு மறுபடி ரோடு போட எஸ்டிமேட் தயாராகிறது. வீட்டுக்கு வந்தவர் மனு எழுதவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் எழுதினார். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினார். முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது 2005-ஆம் ஆண்டுச் சட்டம். பதில் வந்தது நாற்பத்தெட்டாவது நாள். நடுவில் ஒரு மேல்முறையீடு. கையில் வந்த எஸ்டிமேட் நகல் பதினோரு பக்கம், பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.

மூன்றாம் பக்கத்தில் அவர் சிவப்பு மசியால் கோடு போட்டிருந்தார். பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுப்பதற்கு, அதாவது மில்லிங்குக்கு, ஓர் அளவும் ஒரு தொகையும் எழுதியிருந்தது. "பாரு தம்பி. இது செய்யறதா ஏற்கெனவே காசு எழுதியாச்சு."

போன வருஷம் ஆகஸ்டில் ஒரு காலை ஜல்லி லாரி வந்தது. ரோலர் வந்தது. சுரண்டும் மிஷின் வரவில்லை. போஸ்ட் மாஸ்டர் சார் பிளாஸ்டிக் நாற்காலியை நடுரோட்டில் போட்டு உட்கார்ந்தார். மடியில் பதினோரு பக்கம். "மிஷின் வேற சைட்ல இருக்கு பெரியவரே, ஓரமா வாங்க" என்றார் சூப்பர்வைசர். இவர் எழுந்திருக்கவில்லை. முதலில் ஓட்டு வீட்டு அக்கா வந்து பக்கத்தில் நின்றார். பிறகு ஐந்தாம் நம்பர். அப்புறம்தான் நான். எட்டு மணிக்குள் இருபது பேர்.

அண்ணனுக்குப் போன் போனது. அன்று வந்தது அண்ணன் இல்லை, அம்மா. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, எஸ்டிமேட்டை வாங்கி நின்ற இடத்திலேயே பதினோரு பக்கமும் படித்தார். தன் வார்டு வேலையின் எஸ்டிமேட்டை அவர் முழுசாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். போனை எடுத்தார். "ஏ.இ. சார், மூணாம் பக்கத்துல மில்லிங்னு போட்டு ரேட்டும் போட்டிருக்கு. மிஷின் வராம எங்க வார்டுல தார் விழக் கூடாது." குரலில் கருணை கேட்கும் தொனி இல்லை. மறுமுனையில் ஏதோ சொன்னார்கள். "இல்ல சார், பேப்பர் என் கையில இருக்கு" என்று வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் மிஷின் வந்தது. பழைய தார் கறுப்புப் பொருக்கு போல உரிந்து லாரியில் ஏறியது. 2021-இல் புதைந்த எங்கள் நான்காவது படியின் விளிம்பு ஒருமணி நேரம் வெளியே தெரிந்தது. அதன் மேல் புது ரோடு விழுந்து மறுபடி மறைந்தது. பள்ளமும் அதோடு மூடியது. அது யாருடைய பள்ளம் என்பது இன்றுவரை தெரியாது.

மறுவாரம் தெருமுனையில் பேனர். 'எங்கள் பகுதிக்கு நவீனத் தொழில்நுட்பச் சாலை தந்த...' என்று தொடங்கி, கீழே கவுன்சிலர் அம்மாவின் சின்னப் படம், பக்கத்தில் அண்ணனின் பெரிய படம். போஸ்ட் மாஸ்டர் சார் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இன்ச் டேப்போடு எங்கள் வாசலில் குந்தி உட்கார்ந்து, ரோட்டு விளிம்பிலிருந்து நிலைப்படி வரை அளந்தார்.

"எவ்வளவு சார்?"

"ஏழே கால் இன்ச். போன தடவை எழுதினதும் ஏழே கால்தான். கூடல." டைரியில் தேதி போட்டு எழுதினார். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, "டேப்பை நீயே வெச்சிரு தம்பி" என்று என் கையில் கொடுத்தார். "பின்தெருவுக்கும் எஸ்டிமேட் போட்டிருக்காங்களாம். இந்தத் தடவை ஸ்டாம்பை நீ வாங்கிட்டு வா."